நடுக்கடலில் ஒரு பொய்: பாய்மரப் படகு மர்ம நாவலுக்கு எந்த வழக்கைக் கருவாக எடுப்பது?

கடலில் நடக்கும் மர்மக் கதைக்குச் சாட்சி கிடையாது. எழுதுகிறவருக்கு அது வசதிபோலத் தெரியும், உண்மையில் அதில்தான் சிக்கல். கரையில் ஒரு கொலை விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடை, சிசிடிவி, பஸ் டிக்கெட் என்று ஏதாவது ஒன்று வாய் திறக்கும். நடுக்கடலில் என்றால் திரும்பி வந்தவன் சொல்வதுதான் கதை. இதை நம்பி எழுத உட்காருகிறவர்கள் ஐம்பதாம் பக்கத்தில் திணறுவார்கள். பொய் சொல்பவனை மடக்க ஆளே இல்லையே! கடைசியில் அவனே அழுது வாக்குமூலம் கொடுத்துத் தொலைக்க வேண்டியதாகிவிடும். படிப்பவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உண்மையில் நடந்த ஒரு வழக்கை எலும்புக்கூடாக எடுத்து, மேலே சதை வைத்து எழுதுவது நல்ல வழி. எதை எடுப்பது என்று பார்க்கும்போது பரபரப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: இந்தப் பொய்யனை மறுத்துப் பேசப் போவது யார், அல்லது எது? அந்தப் பதில் உறுதியாக இருந்தால் நாவல் நிற்கும். இந்த அளவுகோலை வைத்து நான்கு வழக்குகளைப் பார்க்கலாம். 1968-இல் உலகைச் சுற்றியதாகக் கணக்குக் காட்டிய டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். 1961-இல் பஹாமாஸ் அருகே மூழ்கிய புளூபெல். 1974-இல் பசிபிக் தீவு ஒன்றில் உரிமையாளர்கள் காணாமல்போன சீ விண்ட். எல்லாரும் பேசித் தேய்ந்துபோன மேரி செலஸ்ட்.

க்ரோஹர்ஸ்ட்: பொய்க்கு இவ்வளவு உழைப்பா?

நடந்தது சுருக்கமாக. பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை, எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியை 1968-இல் அறிவித்தது. முதலில் திரும்புகிறவருக்கு ஒரு கோப்பை, குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்ட். ஒன்பது பேர் கிளம்பினார்கள். மின்னணுக் கருவிகள் விற்கும் சிறு தொழில் நடத்திவந்த க்ரோஹர்ஸ்ட், கடைசி நாளான அக்டோபர் 31 அன்று டெய்ன்மத் துறையிலிருந்து 40 அடி ஒட்டுப்பலகை ட்ரைமரானில் (மூன்று உடல்கள் இணைந்த படகு) புறப்பட்டார். படகு அரைகுறையாக இருந்தது; மூடிகள் வழியே தண்ணீர் ஒழுகியது. பணம் போட்டவரோடு செய்த ஒப்பந்தமோ கழுத்தில் கயிறு: பயணம் பாதியில் நின்றால் படகைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினால் வீடும் போகும், தொழிலும் போகும்.

தெற்குப் பெருங்கடலுக்குப் போனால் படகு உடையும், திரும்பினால் குடும்பம் தெருவுக்கு வரும். அவர் இரண்டையும் விட்டுவிட்டு அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். டிசம்பரில் ஒரே நாளில் 243 கடல் மைல் ஓட்டியதாகத் தந்தி அனுப்பினார். ஜனவரியில் ஜெனரேட்டர் கோளாறு என்று சொல்லி ரேடியோவை மௌனமாக்கினார். மார்ச்சில் விதியை மீறி அர்ஜென்டினாக் கரையில் ஒதுங்கிப் படகைச் செப்பனிட்டார். ஏப்ரலில் தென் அமெரிக்க முனையைச் சுற்றி வந்துகொண்டிருப்பதுபோல மீண்டும் பேசத் தொடங்கினார்.

நாவலாசிரியருக்குத் தங்கச் சுரங்கம் இங்கேதான் இருக்கிறது. பொய்யான லாக் புத்தகம் (கப்பலின் பயணக் குறிப்பேடு) எழுதுவது உண்மையான லாக் எழுதுவதைவிடப் பல மடங்கு கடினம். அந்தக் காலத்தில் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் சூரியனின் உயரத்தை அளந்து, நேரத்தைக் குறித்து, பஞ்சாங்கம்போன்ற அட்டவணையைப் பார்த்து இருப்பிடம் கண்டுபிடிப்பார்கள். பொய் எழுதுகிறவன் தலைகீழாகப் போக வேண்டும். முதலில் இருப்பிடத்தைக் கற்பனை செய்து, அங்கிருந்து பார்த்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு நாளும், பல முறை.

ஒரு காட்சிக்கு உதவும் கணக்கு இதோ. டிசம்பர் கடைசி வாரம். ஆள் உண்மையில் இருப்பது தெற்கு 15 பாகையில், இருப்பதாகச் சொல்வது தெற்கு 40 பாகையில். அந்த வாரம் சூரியன் தெற்கு 23.4 பாகைக்கு மேலே நிற்கும். உண்மையான இடத்தில் உச்சி வேளையில் சூரியன் 81.6 பாகை உயரத்தில், அதுவும் தென்திசையில் தெரியும். சொல்லும் இடத்தில் 73.4 பாகை உயரத்தில், வடதிசையில் தெரிய வேண்டும். உயரத்தைச் சரியாக மாற்றிவிட்டு, திசையைப் பழக்கதோஷத்தில் தெற்கு என்றே எழுதிவிட்டால்? ஒரே ஒரு எழுத்துப் பிழை, அனுபவமுள்ள நடுவர் ஒருவர் பென்சிலால் வட்டம் போடுவதற்குப் போதும். பகல் நீளமும் காட்டிக்கொடுக்கும்: அதே வாரத்தில் 15 பாகையில் பகல் 13 மணி நேரம், 40 பாகையில் 15 மணி நேரம். மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றிப் படித்தேன் என்று இயல்பாக எழுதிய ஒரு வரி அங்கே பொருந்தாமல் நிற்கும்.

கடிகாரமும் அப்படித்தான். பூமி ஒரு மணிக்கு 15 பாகை திரும்புவதால், நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகும். நல்ல மாலுமியின் லாக்கில் சிறுசிறு பிசகுகள் இருந்துகொண்டே இருக்கும். மேகம், அலை, கை நடுக்கம் எல்லாம் அதில் பதியும். பொய் லாக் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும்.

வானிலை இன்னொரு தலைவலி. இல்லாத இடத்தின் காற்றையும் அழுத்தத்தையும் எழுத, அந்தப் பகுதிக் கடலோர நிலையங்களின் ஒலிபரப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோவில் பேசினாலோ எந்த நிலையம் பதில் தருகிறது என்பதே இடத்தைச் சொல்லிவிடும். க்ரோஹர்ஸ்ட் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண ஒற்றை உடல் பாய்மரப் படகுக்கு வேக வரம்பு உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 30 அடி நீர்க்கோட்டுக்கு 7.3 நாட், இருபத்து நான்கு மணி நேரமும் உச்ச வேகத்தில் போனாலும் 176 கடல் மைல்தான். 243 மைல் என்றால் சராசரி பத்து நாட்டுக்கு மேல். க்ரோஹர்ஸ்ட் ஓட்டியது இலகுவான ட்ரைமரான், அதற்கு இந்த வரம்பு அப்படியே பொருந்தாது. அதனால்தான் அந்த எண்ணைப் பலர் நம்பினார்கள். உங்கள் கதாபாத்திரத்துக்குக் கனமான மரக் கெட்ச் (இரண்டு பாய்மரம் உள்ள படகு) கொடுத்துவிட்டு 240 மைல் ஓட வைத்தால், படகு தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். போட்டி நடுவர் குழுவின் தலைவர் பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு க்ரோஹர்ஸ்டின் எண்கள்மேல் அப்போதே சந்தேகம் இருந்தது.

கதையின் அச்சு இதற்குப் பிறகுதான் முறிகிறது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடி சுஹைலியில் 312 நாளில் 1969 ஏப்ரல் 22 அன்று முதலாவதாக வந்து சேர்ந்தார். குறைந்த நாள் பரிசுக்கு நைஜல் டெட்லி முன்னால் போய்க்கொண்டிருந்தார். க்ரோஹர்ஸ்ட் பின்னாலேயே துரத்தி வருகிறார் என்று நம்பித் தன் அடிபட்ட ட்ரைமரானை மேலும் விரட்டினார். மே மாதம் அசோர்ஸ் பக்கம் படகு சிதைந்து மூழ்கியது. டெட்லி உயிர் பிழைத்தார். இரண்டாவதாக வந்திருந்தால் க்ரோஹர்ஸ்டின் லாக்கை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். இப்போது பரிசு அவருக்குத்தான், சோதனையும் அவருக்குத்தான். ஜூலை 10 அன்று அஞ்சல் கப்பல் பிகார்டி, ஆளில்லாமல் மிதந்த படகைக் கண்டது. உண்மைப் பாதையைக் காட்டும் லாக்குகள் மேசைமேல் இருந்தன. பொய் லாக்கும் கடிகாரமும் அவரோடு கடலுக்குள் போயிருக்க வேண்டும் என்பதே பரவலான கருத்து. போட்டியை முடித்த ஒரே ஆளான நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்ல முடியாத பாத்திரம் வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் கருவாக எடுப்பதில் இரண்டு இடைஞ்சல். படகில் ஒரே ஆள், பேச்சுக்கு ஆளில்லை. நூறு பக்கம் மன ஓட்டம் எழுதினால் திரில்லர் தூங்கிவிடும். பாதிக் கதையைக் கரைக்கு மாற்றுவது தப்பிக்கும் வழி: தந்திகளை ஊதிப் பெருக்கும் விளம்பரக்காரர், சந்தேகப்படும் நடுவர், வீட்டில் காத்திருக்கும் மனைவி. இன்னொன்று, இந்தக் கதையை உலகம் பலமுறை சொல்லிவிட்டது. பெயரை மாற்றி எழுதினாலும் இது அவர்தானே என்று கேட்பார்கள்.

புளூபெல்: மூழ்கும் வேகமே சாட்சி

1961 நவம்பர். புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து 60 அடி கெட்ச் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் பஹாமாஸ் சுற்றக் கிளம்பியது. தந்தை, தாய், மூன்று பிள்ளைகள். படகை ஓட்ட ஜூலியன் ஹார்வி, கூட அவன் மனைவி. மொத்தம் ஏழு பேர். 12-ஆம் தேதி இரவு படகு மூழ்கியது. மறுநாள் எண்ணெய்க் கப்பல் ஒன்று ஹார்வியைச் சிறு படகோடு எடுத்தது. அதில் கடைசிச் சிறுமியின் உடலும் இருந்தது. சூறைக்காற்றில் பாய்மரம் முறிந்து அடித்தளத்தைத் துளைத்தது, தீயும் பிடித்தது, மற்றவர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்றான். மூன்றரை நாள் கழித்து, ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல் சுமார் 5 அடி நீளமுள்ள கார்க் மிதவையில் கிடந்த, அந்தக் குடும்பத்தின் 11 வயதுப் பெண்ணை உயிரோடு மீட்டது. கடலோரக் காவல்படை விசாரணையில் இருந்த ஹார்விக்குச் செய்தி போனது. அடுத்த நாள், பொய்ப் பெயரில் எடுத்த மயாமி விடுதி அறையில் தற்கொலை செய்துகொண்டான். மனைவியின் பேரில் 20,000 டாலருக்கு, விபத்து மரணமானால் இரட்டிப்பாகும் காப்பீடு எடுத்திருந்தது பிறகு தெரிந்தது. இவன் கையில் படகு தொலைவது இது முதல் முறையும் அல்ல.

சிறுமி சொன்னது எளிமையானது. பாய்மரம் முறியவில்லை, தீ இல்லை. எண்ணெய் மிதக்கும் தண்ணீர் அறைக்குள் ஏறியது. சிறு படகின் கயிற்றை அவள் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான், கயிறு நழுவியது, விலகிப்போன படகைப் பிடிக்க அவன் தண்ணீரில் குதித்தான். அவள் கார்க் மிதவையை அவிழ்த்துக்கொண்டாள். கொலைகாரன் தன் தப்பிக்கும் வழியைச் சாட்சியின் கையிலேயே கொடுத்து, அதை நழுவவிடுவதைப் பார்த்துக் கலங்கும் அந்த ஒரு நொடியை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

சிறுமி இல்லாமலேயே இந்தப் பொய்யை உடைக்க முடியுமா? முடியும், படகுக்காரரை விசாரணை அதிகாரியாக வைத்தால். பாய்மரம் முறிந்தால் காற்று தள்ளும் பக்கம் சாய்ந்து, பக்கவாட்டுக் கம்பிவடங்கள் இழுத்துப் பிடிக்க, படகின் ஓரத்தில் தொங்கும். செங்குத்தாக ஈட்டிபோல இறங்கித் தளத்தையும் அடிப்பலகையையும் துளைப்பது மிக அரிது. பொய் சொல்பவன் அரிதானதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதே முதல் துப்பு.

அடுத்தது மூழ்கும் கணக்கு. சீகாக் என்று படகுக்காரர்கள் சொல்லும் அடிப்பக்க வால்வு ஒன்றைத் திறந்து குழாயைக் கழற்றிவிட்டால் எவ்வளவு தண்ணீர் வரும்? ஒன்றரை அங்குலத் துளை, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர், மணிக்கு எட்டு டன் சொச்சம். உள்ளே மட்டம் உயர உயர வேகம் குறையும். 60 அடி மரப் படகை மூழ்கடிக்கப் பல பத்து டன் தண்ணீர் வேண்டும். ஆக ஒரே வால்வென்றால் மணிக்கணக்கில் ஆகும். அரை மணியில் மூழ்க வேண்டுமானால் எஞ்சின், கழிப்பறை, சமையலறை என எல்லா வால்வுகளையும் திறந்து குழாய்களை அறுத்திருக்க வேண்டும். அதற்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், விருந்தாளிக்குத் தெரியாது. ஐந்தே நிமிடத்தில் மூழ்கிவிட்டது என்று உங்கள் பாத்திரம் சொன்னால், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்ததா என்று அதிகாரி கேட்க வேண்டும்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பையும் மறக்கக்கூடாது. மணிக்கு 2,000 காலன் என்று பெட்டியில் எழுதியிருக்கும் மின்பம்ப், குழாய் நீளமும் பேட்டரி வலுவும் சேர்ந்த பிறகு அதில் பாதியை இறைத்தாலே பெரிய விஷயம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது என்றால் சந்தேகம் குறையும். ஃப்யூஸ் கழற்றி வைக்கப்பட்டிருந்தது என்றால் கதை வேறு.

இந்த வழக்கின் பலம் வேகம். முதல் பொய்க்கும் அது உடைவதற்கும் இடையே ஐந்து நாள்கூட இல்லை. முப்பதாயிரம் சொல் குறுநாவலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். பலவீனம், ஹார்வி மனிதனாகச் சுவாரசியமில்லாதவன். அவனிடம் ஊசலாட்டம் கிடையாது, காப்பீட்டுக்காகக் கொன்றான், அவ்வளவுதான். சாம்பல் நிறப் பாத்திரம் வேண்டுமென்றால் அதை வேறு யார் தலையிலாவது வைக்க வேண்டும்: கொஞ்சம் தெரிந்தும் வாய் திறக்காத படகு உரிமையாளர், இழப்பீட்டைக் குறைக்கப் பார்க்கும் காப்பீட்டு ஆய்வாளர் மாதிரி ஆட்கள். உயிர் தப்பிய குழந்தையின் துன்பத்தைத் துல்லியமாக நகலெடுப்பதும் முறையல்ல. வயதையும் குடும்ப அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

சீ விண்ட்: திருடிய படகே குற்றப்பத்திரிகை

ஹவாயிலிருந்து தெற்கே சுமார் 1,000 மைலில் பல்மைரா பவளத்தீவு. 1974 கோடையில் அங்கே இரண்டு படகுகள் நின்றன. மேக், மஃப் என்று அழைக்கப்பட்ட கிரஹாம் தம்பதியின் சீ விண்ட்: பளபளவென்று பராமரித்த கெட்ச், பட்டறைக் கருவிகள், உணவுக் கையிருப்பு, ரேடியோ எல்லாம் இருந்தது. மற்றது ஐயோலா: ஒழுகும் படகு, தீர்ந்துகொண்டிருந்த சாப்பாடு. அதில் வந்தவன் பக் வாக்கர், போதைப்பொருள் வழக்கில் தேடப்பட்டுப் பொய்ப் பெயரில் திரிந்தவன். கூட அவன் தோழி.

ஆகஸ்ட் இறுதியில் கிரஹாம் தம்பதியின் ரேடியோ நின்றுபோனது. அக்டோபரில் ஹானலூலு துறையில் சீ விண்ட் வேறு வண்ணத்தில் தென்பட்டது. அதிலிருந்தது வாக்கரும் தோழியும். கிரஹாம் தம்பதி மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை, ரப்பர் டிங்கி கவிழ்ந்து கிடந்தது, படகை வீணாக விட மனமில்லாமல் எடுத்து வந்தோம் என்பது அவர்கள் கதை. உடல் இல்லாததால் முதலில் திருட்டுக்கு மட்டுமே தண்டனை. 1981-இல் அங்கே போன ஒரு பெண் மாலுமி, கடற்கழிக் கரையில் ஓர் அலுமினியப் பெட்டியையும் பக்கத்தில் எலும்புகளையும் கண்டார். மஃப் கிரஹாமின் எலும்புகள். 1985-இல் வாக்கருக்குக் கொலைத் தண்டனை. தோழி 1986-இல் தனியாக விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். மேக்கின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

நம் அளவுகோலில் இதுவே முதலிடம். ஒரு படகைத் திருடுவது எளிது, அதை வேறு படகாக்குவது கடினம். பெயரையும் வண்ணத்தையும் மாற்றலாம். பாய்மரங்கள் நிற்கும் இடைவெளி, அணியத்தின் (படகின் முன்முனை) வளைவு, தளத்துப் பொருத்துகளின் அமைப்பு இவற்றை மாற்ற முடியாது. பக்கத்தில் நங்கூரமிட்டு இரண்டு வாரம் நின்ற எவனும் அரை மைல் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவான். பாயின் வரிசை எண், எஞ்சின் எண், பட்டறையில் தொங்கும் கருவிகளில் உரிமையாளர் செதுக்கிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. அதற்குமேல், இருவர் ஓட்டி வந்த பழைய படகு எங்கே போனது என்பதற்கும் பதில் வேண்டும். ஒரு படகுக்குப் பொய் சொன்னால் இரண்டு படகுக்கும் சொல்ல வேண்டும்.

எலும்புப் பெட்டி மேலே வந்த விதமும் கவனிக்கத்தக்கது. மூடிய பெட்டிக்குள் உடல் அழுகும்போது உண்டாகும் வாயு, கட்டிய கம்பி துருப்பிடித்து விட்டுப்போனதும் பெட்டியைத் தூக்கிவிடும். ஆழக்கடலில் போட்டிருந்தால் தெரியவே வந்திராது. கழியின் ஆழமில்லாத நீரில் போட்டதுதான் தப்பு. கொலைகாரன் ஏன் வெளியே கொண்டுபோகவில்லை என்று உங்கள் நாவல் பதில் சொல்ல வேண்டும்: பவளப்பாறைக்கு நடுவே வெளிவாசல் குறுகியது, புதுப் படகை அதன் வழியே ஓட்டும் துணிவு இல்லை, பொழுது சாயத் தொடங்கிவிட்டது என்று ஏதாவது.

பாத்திரங்கள் நால்வர். வர்க்க வேறுபாடு, பசி, பொறாமை, மரியாதைக்கு அழைத்த இரவுச் சாப்பாடு, கடன் கேட்ட சர்க்கரை எல்லாம் இயல்பாக அமையும். அந்தத் தோழி பாத்திரம்தான் நடு அச்சு. என்ன தெரியும், எப்போது தெரிந்தது, தெரிந்தும் ஏன் கூடப் போனாள்? நிஜத்தில் நீதிமன்றம் விடுவித்தவரைக் கொலைகாரியாக எழுதுவது அநியாயம், சட்டச் சிக்கலும்கூட. தீவையும் ஆண்டையும் மாற்றி, நான்கு பேரையும் புதிதாகப் படைத்து, இரண்டு படகுகளின் ஏற்றத்தாழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேரி செலஸ்ட்: 1872 வேண்டாம், 1885 பாருங்கள்

1872 டிசம்பரில் அசோர்ஸுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே ஆளில்லாமல் மிதந்த பிரிகன்டைன், அதாவது இரண்டு பாய்மரக் கப்பல். பத்து பேர் மாயம், 1,701 பீப்பாய் ஆல்கஹால், காணாமல்போன உயிர்ப்படகு. ஆல்கஹால் ஆவி வெடிக்கும் என்று பயந்து அவசரமாக இறங்கியிருக்கலாம் என்பதே நியாயமான விளக்கம். இதில் பொய்யன் இல்லை. ஜிப்ரால்டரில் அரசு வழக்கறிஞர், மீட்டு வந்தவர்களையே கொலைகாரர்கள் என்று நிரூபிக்கப் பார்த்துத் தோற்றார். இந்தக் கருவை எடுத்தால் எந்த முடிவு வைத்தாலும் வாசகருக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

அதே கப்பலின் கடைசிப் பயணம்தான் அதிகம் பேர் கை வைக்காத கரு. 1885 ஜனவரியில் கேப்டன் கில்மன் பார்க்கர், நல்ல வெளிச்சத்தில், வரைபடத்தில் தெளிவாகக் குறித்திருந்த ஹைட்டிப் பவளத்திட்டில் கப்பலை நேராக ஏற்றினார். சரக்குக்கு 30,000 டாலர் காப்பீடு. பெட்டிகளில் இருந்ததோ பெரும்பாலும் குப்பை. மீந்த சரக்கை அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிக்கு 500 டாலருக்கு விற்கும் அளவுக்குத் துணிச்சல். அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. பாஸ்டனில் வழக்கு நடந்தது. கப்பலை வேண்டுமென்றே அழித்தால் கேப்டனுக்கு மரண தண்டனை என்பது அன்றைய சட்டம். நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. குற்றம் நிச்சயம், தண்டனையோ மிகையானது. பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மோசடிக்காரர்களையும் நல்லவர்களையும் ஒரே படகில் ஏற்ற இதைவிட என்ன வேண்டும்?

எந்தக் காலத்தில் வைப்பது?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 1982-இலிருந்தே செயற்கைக்கோள் வழியாக அவசர ஒலிபரப்பியின் அழைப்பைப் பிடித்து உயிர் மீட்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய கருவிகளில் தானியங்கி வகையானவை படகோடு ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழம் போனதுமே நீரழுத்தத்தால் தானே விடுபட்டு, மேலே வந்து 406 மெகாஹெர்ட்ஸில் குறைந்தது 48 மணி நேரம் கூவும். அணைத்து வைத்திருந்தேன் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். 2018-இல் பழைய போட்டியை அதே பழைய கருவிகளோடு மறுபடி நடத்தியபோதுகூட ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் கண்காணிப்பு இருந்தது. அதில் சுஹைலியின் மறுவடிவமான துரியாவில் போன இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தபோது மூன்றே நாளில் மீட்கப்பட்டார். க்ரோஹர்ஸ்ட் வகைப் பொய்க்கு இனி இடமில்லை.

இக்காலத்தில்தான் வைப்பேன் என்றால் பொய்யை இடம் மாற்றுங்கள். எங்கே இருந்தோம் என்பதில் பொய் சொல்ல முடியாது, படகில் யார் யார் இருந்தார்கள் என்பதில் சொல்லலாம். சார்ட்ப்ளாட்டர் என்ற மின்னணு வரைபடக் கருவியின் தடப் பதிவை அழித்தவன், எஞ்சின் ஓடிய மணிக் கணக்கை மறந்துவிடலாம். பாய் மட்டும் விரித்து வந்தோம் என்கிறவனின் மீட்டரில் நாற்பது மணி நேரம் கூடியிருக்கும். நான்கு பேருக்கு நாளொன்றுக்குத் தலா மூன்று லிட்டர் வீதம் தண்ணீர் ஏற்றிய படகில், பத்து நாள் கழித்து 30 லிட்டர் அதிகமாக மீந்திருக்கும். ஒருவர் முதல் நாளிலிருந்தே இல்லை.

ஆக, எது?

முதல் நாவல் எழுதுகிறவருக்கு சீ விண்ட் அமைப்பு. நான்கு பாத்திரம், ஒரு தீவு, இரண்டு படகு, கரையில் ஒரு நீதிமன்றம். பொருள்சாட்சி தாராளம், பேச்சுக்கும் பஞ்சமில்லை. காலம் 1970-கள், அல்லது அதற்கு முன். தொடராக வாரம் ஓர் அத்தியாயம் போடுகிறவர்களுக்கு புளூபெல் அமைப்பு பொருந்தும், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பொய்யை உடைத்து முடியும். ஆனால் கொலைகாரனை முதல் அத்தியாயத்திலேயே வாசகர் ஊகித்துவிடுவார் என்பதை ஒப்புக்கொண்டு, எப்படி என்பதில் கவனத்தை வையுங்கள். இரண்டு மூன்று நாவல் எழுதிக் கை பழகியவர் க்ரோஹர்ஸ்டைத் தொடலாம், அதற்கு முன் ஒரு வாரமாவது செக்ஸ்டன்ட் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நீதிமன்றக் கதையில் ஆசையுள்ளவருக்கு 1885. காப்பீட்டுப் பத்திரத்தின் மொழி பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்துக்கு முன் ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: நாளும் மணியும், உண்மையில் நடந்தது, அவன் சொல்வது, அந்த நேரத்துக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் தடயம். காற்றின் திசையை ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள்; வடகிழக்கிலிருந்து வீசும் காற்றில் அதை எதிர்த்து வடகிழக்கே நேராகப் போனதாக எழுதிவிட்டால் மற்ற எல்லாக் கவனமும் வீண். நான்காம் பத்தி தொடர்ந்து பத்து வரிக்கு வெறுமையாக இருந்தால் அந்தப் பகுதியில் உங்கள் துப்பறிபவருக்கு வேலையே இல்லை. அங்கே ஒரு பம்பையோ, கயிற்றையோ, கூடுதலாக மீந்த தண்ணீரையோ கொண்டுவந்து வையுங்கள்.